பொரளையில் வீடு தேடுமுன்

"பொரளைப் பக்கம் வாடகைக்கு வந்தா புள்ளைக்கு நல்ல ஸ்கூல் கிடைக்குமா டீச்சர்?" ஊரிலிருந்து கொழும்புக்கு வர நினைக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது.

அரச பாடசாலைத் தரம் 1 அனுமதியில் 50 வீதம் அருகில் வசிப்போருக்குத்தான். ஆனால் தூரம் மட்டும் போதாது. கடந்த சுற்றறிக்கைகளில் 5 வருட வாக்காளர் இடாப்புக்கும் புள்ளி உண்டு. அதாவது, பிள்ளை தொட்டிலில் இருக்கும்போதே பெயர் ஏறியிருக்க வேண்டும். குடியிருப்பவரின் பெயரைப் பதிய விடாத வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். முற்பணம் கொடுக்குமுன் அதைப் பேசி முடியுங்கள்.

அடுத்தது மொழிமூலம். அருகிலுள்ள ஆனந்தா, நாலந்தாவில் தமிழ் மொழிமூலம் இல்லை. தேவி பாலிகாவில் தரம் 1 இல்லவே இல்லை; 6இல்தான் தொடக்கம். பெண்பிள்ளையை பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரிக்கு அனுப்புவதானால், காலை நேர பஸ்ஸில் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். வாடகையை அதற்குப் பிறகு பேசலாம்.