பதக்கத்தை எறிந்தவர்

பதக்கம் எதற்கு? மார்பில் அணிந்து மகிழத்தானே! தூக்கி எறிந்தார் ஒருவர். அமெரிக்க ராணுவத்து ஹெலிகாப்டர் ஓட்டி, ஹியூ தாம்சன்.

1968 மார்ச் 16. வியத்நாமின் மை லாய் கிராமத்தின்மீது வேவு பார்க்கப் பறந்தார். கீழே கண்டதென்ன? எதிரிப் படையா? இல்லை! கிழவர்கள், தாய்மார்கள், பால்மணம் மாறாப் பச்சிளங் குழந்தைகள், வாய்க்கால் நிறையப் பிணமாக! சுட்டவர் யார்? அவர் நாட்டுச் சிப்பாய்களே!

பதுங்கு குழியில் நடுங்கிக் கிடந்த ஊராரை நோக்கிச் சிப்பாய்கள் நெருங்கினர். இடையிலே ஹெலிகாப்டரை இறக்கினார் தாம்சன். இம்மக்களைச் சுட்டால் நம்மவரானாலும் திருப்பிச் சுடுங்கள் என்று துணைவர்கள் கோல்பர்னுக்கும் ஆண்ட்ரியோட்டாவுக்கும் கட்டளையிட்டுவிட்டு, தனியே நடந்து சென்று ஊராரை வெளியே அழைத்தார். வேறு ஹெலிகாப்டர்களை வரவழைத்து அவர்களை அனுப்பினார். பிணக்குவியலில் உயிரோடு கிடந்த ஒரு குழந்தையை ஆண்ட்ரியோட்டா மீட்டுவர, மருத்துவமனைக்குப் பறந்தனர்.

மாண்டோர் 504 என்கிறது வியத்நாம்.

பதக்கம் வந்தது. இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டினிடையே குழந்தையைக் காத்தாராம்! எங்கே இருந்தது இன்னொரு தரப்பு? பொய்யைச் சுமந்த பதக்கத்தை எறிந்தார்.

சாட்சி சொன்னார். தண்டிக்கப்பட வேண்டியவர் தாம்சனே என்றார், மக்கள் சபைப் படைத்துறைக் குழுத் தலைவர் மெண்டல் ரிவர்ஸ்! 1971இல் ஆயுள் தண்டனை பெற்ற லெப்டினண்ட் காலியோ, நான்காண்டு முடியுமுன் விடுதலை. அதிலும் பெரும்பகுதி வீட்டுக் காவல்!

1998இல்தான் உண்மையைச் சொல்லும் பதக்கம், மூவருக்கும். தாம்சனும் கோல்பர்னும் நேரில் பெற்றனர். ஆண்ட்ரியோட்டா இல்லை. மை லாய்க்குப் பின் நான்கு வாரத்துக்குள் அவர் போரில் மடிந்திருந்தார்.