ஓட்டுக்குள் ஒரு மனம்

நாய் வாலை ஆட்டினால் அது மகிழ்ச்சியாக இருக்கிறது என்று அறிகிறோம். பூனை முதுகை வளைத்துச் சீறினால் அதன் அச்சம் நமக்குப் புரிகிறது. ஆமையோ முகத்தை மாற்றுவதில்லை. குரல் எழுப்புவதும் அரிது. ஆகவே, இலையும் நீரும் வைத்துவிட்டால் அதற்கு வேறொன்றும் வேண்டியதில்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் வீட்டில் ஆமை வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பிராணி அது. அதன் தேவையை நாம் தவறாகக் கணித்தால், அத்துன்பமும் அத்தனை ஆண்டுகள் நீளும்.

சோதனைகள் கூறுவது என்ன?

2007இல் அன்னா வில்கின்சன் என்னும் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். சக்கரத்தின் ஆரங்களைப் போல நடுவிலிருந்து எட்டு வழிகள் பிரியும். ஒவ்வொன்றின் முனையிலும் உணவு. போன வழியிலேயே மீண்டும் போனால் ஏமாற்றந்தான். மோசஸ் என்ற தென் அமெரிக்கச் சிவப்புக்கால் ஆமை, அறையிலுள்ள அடையாளங்களைக் கொண்டு, சென்ற வழிகளைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டது. பின்னொரு சோதனையில் அவ்வடையாளங்களைத் திரையால் மறைத்தனர். அது உடனே தன் உத்தியை மாற்றி, ஒவ்வொரு முறையும் அடுத்த வழியில் நுழைந்தது!

அறிவு இருக்கலாம், மனநிலை? 2025இல் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 சிவப்புக்கால் ஆமைகளிடம் இதைச் சோதித்தனர். ஓரிடத்துக் கிண்ணத்தில் உணவு இருக்கும், மற்றோரிடத்தில் இராது. இதைக் கற்றபின், கிண்ணத்தை இரண்டிற்கும் இடையில் வைத்தனர். உணவு இருக்கும் என நம்பும் ஆமை விரைந்து செல்லும், நம்பாதது தயங்கும். விரைந்து சென்ற ஆமைகளே புதிய இடத்திலும் புதிய பொருள்களிடத்திலும் குறைவாக அஞ்சின. ஆமைக்கும் நீடித்த மனநிலை உண்டு என்பதற்கு இது சான்று.

வெறுமை என்ன செய்யும் என்பதற்கு வாஷிங்டன் விலங்குக் காட்சிசாலையின் நீராமை ஒன்று எடுத்துக்காட்டு. அது தன் கழுத்தைத் தானே பிறாண்டியும் கால்களைக் கடித்தும் புண்ணாக்கிக்கொண்டது. பந்துகளையும் வளையங்களையும் தொட்டியில் இட்டபோது அவற்றைத் தள்ளியும் கடித்தும் விளையாடியது. புண்ணாக்கும் பழக்கமும் குறைந்தது. 1996இல் இது வெளியாயிற்று.

ஆமைக்கு என்ன வேண்டும்?

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வேண்டும். முதலில் வெப்பத்தைப் பாருங்கள். நம் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆமையோ இடம் மாறித்தான் தன் வெப்பநிலையை ஒழுங்குபடுத்த முடியும். கூண்டு முழுவதும் ஒரே வெப்பநிலை என்றால், அந்த வேலையே அதனிடமிருந்து பறிக்கப்படுகிறது. ஒரு முனையில் விளக்கின்கீழ் சுமார் 32° செல்சியஸ், மறுமுனையில் சுமார் 24° என இருந்தால், வேண்டியதை அது நாடிச் செல்லும்.

அடுத்து, ஒளி. வைட்டமின் டி உண்டாக, ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புறஊதாக் கதிர் தேவை. சாதாரண சன்னல் கண்ணாடி இதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆகவே சன்னலோர வெயில் போதாது.

கண்ணாடித் தொட்டியில் மற்றொரு தொல்லையும் உண்டு. ஒளி ஊடுருவுவதால் ஆமைக்கு அங்கே சுவர் இருப்பது தெரிவதில்லை. முட்டி முட்டி நடந்துகொண்டே இருக்கும். அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதியை வெளிப்புறம் தாளால் மறைத்தாலே பயன் தெரியும்.

தோண்டுவதற்கு மண், ஒளிந்துகொள்ள ஓர் இடம், ஏறி இறங்கத் தட்டையான கற்கள், ஆழமில்லாத நீர் ஆகியவையும் வேண்டும். உணவை ஒரே தட்டில் குவிக்காமல் அங்கங்கே தூவினால் தேடி உண்ணும். கற்களை அவ்வப்போது இடம் மாற்றலாம். ஒளியும் இடத்தை மட்டும் மாற்றக்கூடாது. துணை வேண்டுமென்று இரண்டு ஆண் ஆமைகளை ஒன்றாக விட்டால், சண்டையிட்டுக் காயப்படும்.

ஒன்றை மறவாதீர்கள். நம் நாட்டு நட்சத்திர ஆமை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். வெயிலும் நிழலும் புதரும் அதற்குக் காட்டிலேயே இருக்கின்றன. வழியில் அதைக் கண்டால், எடுத்து வராமல் பார்த்து மகிழுங்கள்.