எண்ணெயும் நாமும் – 17: பாறைக்குள் ஒன்பதரை நாள்

1990 ஆகஸ்ட் 2-ம் தேதி சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்ததையும், அடுத்த ஆண்டே இந்தியா தங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பிக் கடன் வாங்கியதையும் போன வாரம் பார்த்தோம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது எண்ணெய்க் கணக்கு. ஈராக்கும் குவைத்தும் அப்போது நமக்குக் கச்சா எண்ணெய் தந்துகொண்டிருந்த முக்கியமான நாடுகள். இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் அடைபட்டன. ஜூலையில் பீப்பாய் 20 டாலருக்குக் கீழே கிடந்த விலை, அக்டோபரில் 40 டாலரைத் தாண்டியது. வேறு யாரிடமாவது வாங்கலாமென்றால் கஜானாவில் டாலர் இல்லை. 1991 ஜனவரியில் நம் அந்நியச் செலாவணி இருப்பு சுமார் 120 கோடி டாலர். மூன்று வார இறக்குமதிக்கே இழுபறி.

அன்று ஒரு மாதத்துக்கான எண்ணெய் நம் கையில் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெருக்கடி விலகியிருக்காது. ஆனால் அவசரத்தில் கேட்ட விலைக்கு வாங்காமல், நிதானமாகப் பேரம் பேச நாலு வாரம் கிடைத்திருக்கும். நெருக்கடிகால எண்ணெய்க் கையிருப்பால் ஒரு நாடு சம்பாதிப்பது அந்த அவகாசத்தைத்தான். அதைச் சம்பாதிக்க நாம் என்ன செய்தோம் என்பதே இந்த வாரக் கதை.

முந்திக்கொண்டவர்கள்

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோதே பணக்கார நாடுகளுக்குச் சூடு பட்டுவிட்டது. 1974 நவம்பரில் சர்வதேச எரிசக்தி முகமையைத் தொடங்கினார்கள். உறுப்பினராகச் சேரும் நாடு 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான எண்ணெயைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. அமெரிக்கா 1975 டிசம்பரில் சட்டமே போட்டது. 1977 ஜூலையில் சவூதியிலிருந்து வந்த 4 லட்சத்துச் சொச்சம் பீப்பாய் எண்ணெயை முதல் தவணையாக உள்ளே இறக்கியது. இடம், டெக்சாஸ், லூசியானா கடலோரத்து உப்புப் பாறைகள். நன்னீரைச் செலுத்தி உப்பைக் கரைத்தால், 600 மீட்டர் உயரத்துக்குக் கிணறு போன்ற குடைவு கிடைக்கிறது. எண்ணெயை வெளியே எடுக்க வேண்டுமா? அடியில் தண்ணீரைச் செலுத்தினால் போதும், எண்ணெய் தானாக மேலே ஏறும். மொத்தக் கொள்ளளவு 70 கோடி பீப்பாய்க்கு மேல்.

சொந்தமாக எண்ணெயே இல்லாத ஜப்பானும் 1975-ல் சட்டம் கொண்டுவந்தது. தரையில் தொட்டி, பாறையில் குகை, கடலில் மிதக்கும் கிடங்கு என்று எல்லா வழியிலும் சேர்த்தது. அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து 200 நாள் தேவையை ஒட்டிக் கையிருப்பு வைத்திருக்கும் நாடு அது.

இந்தியாவுக்கு 1991-ல் பட்ட சூடு, 2004-ல்தான் முடிவாக மாறியது. கையிருப்பைப் பார்த்துக்கொள்ள இந்திய உத்திசார் பெட்ரோலியக் கையிருப்பு நிறுவனம் அந்த ஆண்டு பிறந்தது. 2006-ல் பணிகளுக்கு ஒப்புதல். விசாகப்பட்டினம் குகைக்குள் முதல் எண்ணெய் இறங்கியபோது 2015 ஆகிவிட்டது. தங்கத்தை அனுப்பியதற்கும் எண்ணெயை இறக்கியதற்கும் நடுவே 24 ஆண்டுகள்!

தண்ணீர் போடும் பூட்டு

மூன்று இடங்களில் குகைகள் இருக்கின்றன. விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன், மங்களூரில் 15 லட்சம் டன், உடுப்பி மாவட்டம் பாதூரில் 25 லட்சம் டன். ஆக மொத்தம் 53.3 லட்சம் டன், அதாவது சுமார் 3.9 கோடி பீப்பாய்.

நம் கடலோரத்தில் அமெரிக்காவைப் போல உப்புப் பாறை இல்லை. கெட்டியான பாறையைத்தான் வெடிவைத்துக் குடைய வேண்டும். ஒவ்வொரு குகையும் ஏறத்தாழ 20 மீட்டர் அகலம், 30 மீட்டர் உயரம். பத்து மாடிக் கட்டடம் ஒன்று உள்ளே நிற்கும். நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். சுவரில் இரும்புத் தகடு கிடையாது. எண்ணெய் நேரடியாகப் பாறையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

எந்தப் பாறையிலும் மயிரிழை விரிசல்கள் இருக்கும். பிறகு எண்ணெய் ஏன் கசிந்து போவதில்லை? இதற்காகவே குகையை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டுகிறார்கள். குகைக்குச் சற்று மேலே சிறு சுரங்கப் பாதைகளை அமைத்து, அவற்றிலிருந்து வரிசையாகத் துளையிட்டு, தண்ணீரை அழுத்தத்தோடு நிறுத்தி வைக்கிறார்கள். இதற்கு நீர்த்திரை என்று பெயர். விரிசல்களில் நிற்கும் தண்ணீரின் அழுத்தம், உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தைவிட எப்போதும் கூடுதலாக இருக்கும். அதனால் தண்ணீர் உள்ளே சொட்டுமே தவிர, எண்ணெய் வெளியே போக வழியில்லை. சொட்டிய தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் தரையில் தங்கும். அங்கே உள்ள குழியில் சேரும் நீரைப் பம்பு வைத்து இறைத்து, சுத்திகரித்து விடுகிறார்கள். இந்தச் சொட்டலும் இறைப்பும் ஒரு நாளும் நிற்கக் கூடாது. ஒருமுறை கான்கிரீட் அடைப்புப் போட்டு எண்ணெயை நிரப்பிவிட்டால் ஆள் உள்ளே போக முடியாது. அழுத்தம், நீர்மட்டம், வெப்பநிலை எல்லாம் கருவிகள் சொல்லித்தான் தெரியும்.

தரைமேல் இவ்வளவு எண்ணெயை வைக்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். ஆவியாகிப் போவதும் அதிகம். போர் என்று வந்தால் வானத்திலிருந்து பார்த்தவுடன் தெரியும் குறி அதுதான். குகைக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. மூன்று இடங்களுக்கும் சேர்த்து ஆன கட்டுமானச் செலவு சுமார் 4,100 கோடி ரூபாய்.

கணக்கில் வரும் நாட்கள்

இந்த மூன்று குகைகளும் நிரம்பியிருந்தால் ஒன்பதரை நாள் தேவைக்குத் தாங்கும் என்பது அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவரும் கணக்கு. எண்ணெய் நிறுவனங்களிடம் இருக்கும் 64.5 நாளையும் சேர்த்து, மொத்தம் 74 நாள் என்பார்கள். கேட்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

முதலாவது, ஒன்பதரை என்பது 2019-20 ஆண்டின் நுகர்வை வைத்துப் போட்ட கணக்கு. குகை வளராது, நாட்டின் தேவை வளரும். ஒரு நாளைக்கு 50 லட்சம் பீப்பாய் என்று வைத்துக்கொண்டால் 3.9 கோடி பீப்பாய் எட்டு நாளைக்கே முழுதாகத் தேறாது.

இரண்டாவது, நிறுவனங்களின் 64.5 நாளில் பெரும்பகுதி புழக்கத்தில் இருக்கும் சரக்கு. சுத்திகரிப்பு ஆலையின் தொட்டி, குழாய், டெப்போ என்று பரவிக் கிடப்பது. குழாயில் நிற்கும் எண்ணெயை எடுத்துவிட்டால் அடுத்த சொட்டு நகராது. தொட்டியின் அடியில் தங்குவதைப் பம்பு இழுக்காது. இதனால்தான் சர்வதேச எரிசக்தி முகமை கையிருப்பைக் கணக்கிடும்போது பத்து சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. 2017-லிருந்து இந்தியா அந்த அமைப்பில் இணை உறுப்பினர் மட்டுமே. 90 நாள் விதி நம்மைக் கட்டுப்படுத்தாது.

மூன்றாவதுதான் முக்கியம். 53.3 லட்சம் டன் என்பது கொள்ளளவு. குதிர் பெரிதாக இருப்பதாலேயே வீட்டில் நெல் இருக்கிறது என்று ஆகிவிடாது.

மலிந்தபோது வாங்கினோம்

2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கால் உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேரச் சந்தை விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. வைக்க இடமில்லாமல், காசு கொடுத்து எண்ணெயைத் தள்ளிவிட்டார்கள். இடம் வைத்திருந்தவன் ராஜா. இந்தியா ஏப்ரல், மே மாதங்களில் 1.67 கோடி பீப்பாய் வாங்கி மூன்று குகைகளையும் நிரப்பியது. சராசரி விலை பீப்பாய்க்கு 19 டாலர். அந்த ஆண்டு ஜனவரியில் இருந்த 60 டாலரோடு ஒப்பிட்டு, 5,000 கோடி ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று அரசு அறிவித்தது.

குகைகள் கட்டிய செலவையே தாண்டும் தொகை இது. சரியான நேரத்தில் எடுத்த நல்ல முடிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 3.9 கோடி பீப்பாய் பிடிக்கும் இடத்தில் 1.67 கோடி பீப்பாய் ஊற்ற முடிந்ததென்றால், அதற்கு முன் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காலியாகக் கிடந்திருக்கிறது. அந்த நாட்களில், வளைகுடா எண்ணெய் வெளியே வரும் வாசலான ஹோர்முஸ் நீரிணையில் ஏதாவது நடந்திருந்தால்?

எப்போது திறப்பது?

நிரப்புவதைவிடச் சிக்கலானது திறப்பது. 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கிய உடனே அமெரிக்கா தன் கையிருப்பைத் திறப்பதாக அறிவித்தது. விற்பனைக்கு வைத்தது 3.37 கோடி பீப்பாய், விற்றது 1.73 கோடிதான். போர்க்களச் செய்திகளும் இந்த அறிவிப்பும் சேர்ந்து, ஒரே நாளில் விலையை 10 டாலருக்கு மேல் கீழே இறக்கின. எண்ணெயைவிட அறிவிப்பு அதிக வேலை செய்தது.

2022-ல் உக்ரைன் போரின்போது பைடன் அரசு ஆறு மாதத்தில் 18 கோடி பீப்பாயை வெளியேற்றியது. அதற்கடுத்த ஆண்டு அமெரிக்கக் கையிருப்பு நாற்பது ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் கீழே போனது. தட்டுப்பாட்டுக்கு என்று சேர்த்ததை விலையைக் குறைக்கச் செலவழிக்கலாமா என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது.

நாமும் அந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டோம். 2021 நவம்பரில் அமெரிக்காவோடு சேர்ந்து, விலையைத் தணிக்க 50 லட்சம் பீப்பாயை விடுவிப்பதாக இந்தியா அறிவித்தது. நமக்கு ஒரு நாள் தேவை அது. அப்போது எந்தக் கப்பலும் நின்றுவிடவில்லை, விலைதான் ஏறியிருந்தது. விலையேற்றம் நெருக்கடியா? ஆம் என்றால் எத்தனை டாலரிலிருந்து? இல்லையென்றால் ஏன் திறந்தோம்? அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதையெல்லாம் விவாதிக்க ஒரு சட்டமாவது இருக்கிறது. இங்கே அமைச்சரவை முடிவுகளை வைத்தே வண்டி ஓடுகிறது.

யாருடைய எண்ணெய் என்ற கேள்வியும் உண்டு. அபுதாபி அரசின் எண்ணெய் நிறுவனம் 2018-லிருந்து மங்களூர் குகையில் தன் எண்ணெயை வைத்திருக்கிறது. நெருக்கடி வந்தால் இந்தியாவுக்கே முதல் உரிமை என்பது ஒப்பந்தம். குகையை நிரப்ப நம் பணம் முடங்காது என்பதால் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் சாதாரண நாளில் அந்த எண்ணெயின் ஒரு பகுதியை விற்று லாபம் பார்க்க வணிகருக்கு இடம் உண்டு. லாபம் பார்ப்பவருக்குக் குகை காலியாவதும் நிரம்புவதும் சந்தையைப் பொறுத்தது. குறைந்தபட்சம் இவ்வளவு எப்போதும் உள்ளே இருக்க வேண்டும் என்ற கோட்டை அரசு வெளிப்படையாகப் போட்டாக வேண்டும்.

சீனக்குடாவின் 99 தொட்டிகள்

கிடங்கு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வீட்டிலேயே பாடம் இருக்கிறது. திருகோணமலை சீனக்குடாவில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 12,000 கிலோ லிட்டர் பிடிக்கும். எல்லாம் சேர்ந்தால் பத்து லட்சம் டன்னை நெருங்கும் இடம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தேடிவந்து தாக்கும் அளவுக்கு முக்கியமான தொட்டிகள் அவை. சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலானவை காடு மண்டிக் கிடந்தன. கீழ்த்தொகுதியை மட்டும் 2003-லிருந்து இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனம் பயன்படுத்துகிறது.

2022 ஜனவரியில், இந்தத் தொட்டிகளில் 61-ஐ இரு நாட்டு நிறுவனங்களும் கூட்டாகச் சீரமைப்பதாக ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த சில மாதங்களில் இலங்கையிடம் டாலர் தீர்ந்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளைத் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்ற அறிவிப்பு. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்து வாரப் பங்கீடு தொடங்கும்வரை, ஜனங்கள் பெட்ரோல் நிலைய வரிசையிலேயே இரவும் பகலும் காத்துக் கிடந்தார்கள். பத்து லட்சம் டன்னுக்கான இடத்தை வைத்துக்கொண்டு பத்து நாளைக்கான எண்ணெய் இல்லாமல் ஒரு நாடு நின்றது. நல்ல காலத்தில் வாங்கிப் போடப் பணமும், போட்டதைத் தொடாமல் வைக்க ஒரு விதியும் இல்லாவிட்டால் தொட்டி வெறும் இரும்புதான்.

பாக்கி இருக்கும் வேலை

இரண்டாம் கட்டமாக ஒடிசாவின் சண்டிகோலில் 40 லட்சம் டன், பாதூரில் மேலும் 25 லட்சம் டன் என்று திட்டம் இருக்கிறது. 2018-ல் கொள்கை அளவில் ஒப்புதல், 2021-ல் தனியார் பங்களிப்போடு கட்ட அனுமதி. முதல் கட்டத்துக்கு எடுத்துக்கொண்ட காலத்தை இதற்கும் எடுத்துக்கொண்டால், குகை திறக்கும்போது தேவை இன்னும் எங்கேயோ போயிருக்கும்.

தோண்டுவதோடு சேர்த்து மூன்று விஷயங்களை எழுத்தில் வைத்தாக வேண்டும். குகைகளில் எப்போதும் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு. எந்த நிலைமையில் திறக்கலாம், யார் உத்தரவிடலாம் என்ற வரையறை. திறந்ததை எத்தனை மாதத்துக்குள் திரும்ப நிரப்ப வேண்டும் என்ற கெடு. இவை நாடாளுமன்றத்தில் விவாதித்துச் சட்டமாக வர வேண்டும். நெருக்கடி வந்த பிறகு கூட்டம் போட்டு முடிவெடுக்கத் தொடங்கினால், கோடிகளைக் கொட்டி வாங்கிய அவகாசம் கூட்டத்திலேயே கரைந்துபோகும்.

இவ்வளவும் கச்சா எண்ணெயைப் பற்றி மட்டும்தான். கச்சா எண்ணெயில் யாரும் சோறு வடிப்பதில்லை. நம் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, அதிலும் பெரும்பகுதி ஹோர்முஸ் வழியாக. ஆண்டுத் தேவை மூன்று கோடி டன் என்றால் நாளொன்றுக்கு 80,000 டன்னுக்கு மேல். விசாகப்பட்டினத்தில் எரிவாயுவுக்கென்று தோண்டிய குகையில் பிடிப்பது 60,000 டன். அதாவது, நாடு முழுவதும் ஒரு நாள் சமைக்கக்கூட அது போதாது. பத்துக் கோடிக்கு மேல் புது இணைப்புகளைக் கொடுத்துவிட்ட நாடு, அந்த சிலிண்டருக்கு என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறது?

அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)