விலைப்பட்டியலின் நகலும் நமது பில்லும்



‘கேஷ்’ என்றால் நமக்குக் கல்லாப்பெட்டிதான் நினைவுக்கு வரும். கம்ப்யூட்டர்காரர்கள் அதே ஒலியில் வேறொன்றைச் சொல்கிறார்கள். அடிக்கடி தேவைப்படும் விவரத்தின் நகலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வதற்கு அவர்கள் இட்ட பெயர் அது. அந்த நகல் பழையதானால் என்ன ஆகும் என்பதைத் தண்டலத்தில் மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் அனுபவத்தில் அறிந்தோம்.

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்து மளிகைக் கடைக்காரர்களும் மெஸ் நடத்துவோரும் ஷிப்டு முடிந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல்தான் ஆர்டர் போடுகிறார்கள். அதற்காகச் செல்போன் மூலம் ஆர்டர் வாங்கும் முறையை வைத்தோம். 2025 செப்டம்பர் 22 அன்று புதிய ஜி.எஸ்.டி. விகிதம் அமலுக்கு வந்தது. குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு 18 சதவீதம் 5 ஆனது. நெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. முதல் நாள் இரவே எங்கள் மூலக் கணக்கில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். ஆனால் திங்கட்கிழமை காலையில் 11 பில்கள் பழைய வரியிலேயே விழுந்திருந்தன. கிரெடிட் நோட் போட்டுச் சரிசெய்தோம். ஆயினும், ‘குறைந்த வரியை எங்களுக்குத் தர மனமில்லையா?’ என்று நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதுதான் பெரிய நட்டம்.

நடந்தது இதுதான். மூலக் கணக்கு தொலைவில் ஒரு சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அங்கே போய்க் கேட்டால் தாமதம் ஆகும், செலவும் கூடும். ஆகையால் வாடிக்கையாளருக்கு அருகிலுள்ள நகரத்து மையத்தில் விலைப்பட்டியலின் நகலை வைக்கிறார்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2015-ல் சென்னை, மும்பை, புதுடில்லி நகரங்களில் இத்தகைய மையங்களைத் தொடங்கியது. அந்த மையங்களிலேயே சிறு நிரல்களை ஓட்டும் வசதியை 2017-ல் அறிவித்தது. இந்நிரல்கள் லாரி வந்தால் வரும் சுமைதூக்கும் தொழிலாளியைப் போன்றவை. வேலை வந்தால் ஓடும், முடிந்தால் அடங்கும், ஓடிய அளவுக்குத்தான் கூலி. நேற்றைய இருப்பு என்ன என்று அவற்றைக் கேட்க முடியாது. நினைவில் வைக்க வேண்டியதைத் தனியே நகலாகத்தான் வைக்க வேண்டும். எங்கள் நகலுக்கு 24 மணி நேர ஆயுள் கொடுத்திருந்தார்கள். கோளாறு அங்கேதான்.

நகலைப் புதுப்பிக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஆயுளைக் குறைப்பது. 300 கடைகள் நாளுக்கு 10 முறை பட்டியலைத் திறந்தால் 3,000 கேள்விகள். நகலுக்கு 5 நிமிட ஆயுள் வைத்தால், ஒரு நகல் மூலக் கணக்கைக் கேட்பது மணிக்கு 12 முறை, நாளுக்கு 288 முறைக்கு மேல் போகாது.

இரண்டாவது, பழையதைக் காட்டிக்கொண்டே பின்னால் புதியதை வரவழைப்பது. 2010-ல் வெளியான 5861-ஆம் எண் இணைய ஆவணம் இம்முறையை விளக்குகிறது. யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயுள் முடிந்தபின் முதலில் கேட்பவருக்குப் பழைய விலையே தெரியும்.

மூன்றாவது, மூலத்தில் விலை மாறியவுடன் நகலை அழிக்கச் சொல்வது. இதில் ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு நகரத்து மையத்திலும் தனித்தனி நகல் இருக்கலாம். சென்னையில் அழித்துவிட்டுப் பெங்களூரில் விட்டுவிட்டால் ஓசூர்க் கடைக்காரருக்குப் பழைய விலை தெரியக்கூடும்.

எங்களுக்குப் பட்டியல் பார்க்க 5 நிமிட ஆயுளும், விலை மாறினால் எல்லா ஊர் நகலையும் அழிக்கும் ஏற்பாடும் சேர்ந்துதான் பலன் தந்தன. அதைவிட முக்கியம், பில் போடும்போது விலையும் வரியும் மூலக் கணக்கிலிருந்தே வர வேண்டும். பார்ப்பதற்கு நகல் போதும், பில்லுக்கு மூலம்தான்.

இருப்பு, கடன் பாக்கி, ஒவ்வொருவருக்கும் நாம் தரும் தனி விலை ஆகியவற்றைப் பொது நகலில் வைக்கவே கூடாது. ஒரு கடைக்காரரின் பாக்கி இன்னொருவர் செல்போனில் தெரிந்தால் வரியைப் போலக் கிரெடிட் நோட் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே மென்பொருள் செய்து தருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நகலின் ஆயுள் எவ்வளவு? விலை மாறினால் எல்லா ஊரிலும் அழிகிறதா? பில் எங்கிருந்து விலை எடுக்கிறது? பதில் கிடைத்ததும், ஒரு சோப்பின் விலையை மாற்றிவிட்டு வேறொரு செல்போனில் நீங்களே பாருங்கள். எடை போடும் முன் தராசின் முள்ளைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இதையும் அப்படியே பார்த்துக்கொள்வோம்.