ஹட் பே கோடையும் நம் வீட்டுக் காமிராவும்

பள்ளித் தேர்வுகள் முடிந்து, மெயின்லேண்டிலிருந்து உறவினர்கள் கப்பலேறி நம் தீவுக்கு வரும் காலம் இது. சித்திரை முகூர்த்தங்களும் தொடர்ந்து வரும். மே மாதப் பாதியில் பருவமழை தொடங்கிவிடுமாகையால், படம் எடுக்கக் கிடைக்கும் நல்ல வெயில் நாட்கள் சில வாரங்களே. லென்ஸ் மாற்றக்கூடிய காமிரா இன்று பல வீடுகளில் இருக்கிறது. எனினும் கடற்கரையில் எடுத்த படத்தில் முகம் கருத்தும், மண்டபத்தில் எடுத்த படம் கலங்கியும் போவதேன்?

முதற்காரணம் காமிராவின் ஒளி அளவி. எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே அது கணக்கிடும். பட்லர் பேயின் வெளிறிய மணலையும், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியையும் அது மங்கலாக்கிவிடும். அங்கே வெளிச்சத் திருத்தத்தை +1 என வையுங்கள். அடர்ந்த காட்டின் நிழலில் இதற்கு நேர்மாறாக, படம் வெளிறிப் போகும். -1 வைத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் கண்குழிகளில் நிழல் விழும். எனவே காலை 8 மணிக்கு முன்பும், மாலை 4 மணிக்குப் பின்பும் எடுப்பது நலம்.

அடுத்தது லென்ஸ். கடற்கரையில் குடும்பம் முழுவதையும் அடக்க 24 மி.மீ. போதும். மேலே வட்டமிடும் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகுக்கு 300 மி.மீ. அல்லது அதற்கு மேல் வேண்டும். ஷட்டர் வேகம் நொடியில் 1000-இல் ஒரு பங்காவது இருக்கட்டும். ஒயிட் சர்ஃப் அருவி நீர் பட்டு நூல்போல் விழ வேண்டுமா? காமிராவை முக்காலியில் நிறுத்தி, கால் நொடி திறந்து வையுங்கள். திருமணத்துக்கு 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் மிக ஏற்றது. குறைந்த வெளிச்சத்திலும் தாலி கட்டும் நொடியை அது பிடித்துவிடும். பந்தலின் வண்ணத் துணியில் ஃபிளாஷைத் தட்டி எடுக்காதீர்கள். துணியின் நிறம் முகத்தில் ஏறும்.

லென்ஸைக் கெடுப்பவை உப்பும் ஈரமும். கடற்காற்றில் லென்ஸ் மாற்ற வேண்டாம். மாற்றியே ஆகவேண்டுமானால், காற்றுக்கு முதுகைக் காட்டி, காமிராவின் வாய் தரையை நோக்கியிருக்க மாற்றுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறந்தால் கண்ணாடியில் ஆவி படியும், அரைமணி பொறுங்கள். ஈரத்தில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அது கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்தால் தப்பலாம். அரிசிக்குள் புதைத்து வைப்போர் உண்டு; அரிசித்தூள் உள்ளே போகும் என்பதால் அது வேண்டாம்.

எடுக்கக் கூடாத படங்களும் உண்டு. முட்டையிட வரும் கடலாமையின் மீது ஃபிளாஷ் அடித்தால் அது மிரண்டு, முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பக்கூடும். சின்ன அந்தமானின் ஆதிகுடிகளான ஓங்கே மக்களின் பகுதி, 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறையின்கீழ் காக்கப்படுவது. அங்கு அனுமதியின்றி நுழைவதும், அவர்களைப் படமெடுப்பதும் குற்றம். விருந்தாளிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்வது நம் கடமை.

இறுதியாக ஒன்று. 26-12-2004 அன்று வந்த சுனாமியில் ஹட் பேயின் வீடுகளோடு கல்யாண ஆல்பங்களும் போயின. பாட்டியின் முகத்தைப் பேரனுக்குக் காட்ட ஒரு படமும் மிஞ்சாத நிலை அப்படித்தான் நேரும். ஆகவே எடுத்த படங்களை ஒரே அட்டையில் வைத்திருக்காதீர்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றை ஊர் திரும்பும் உறவினர் கையில் கொடுத்தனுப்புங்கள். முக்கியமான பத்துப் படங்களையாவது அச்சிட்டு, பின்புறம் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். நல்ல லென்ஸ் வாங்குவதைவிட இது செலவு குறைந்தது. பலனோ தலைமுறைக்கும் நிற்கும்.