வேலை போன வீட்டில் வரவு செலவு: முதல் மூன்று மாதம் என்ன செய்வது?



2020 ஊரடங்கில் பல வீடுகளில் வேலை நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியதும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது. எங்கேயோ போட்ட வரி நம் ஊர் அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. வேலை போவது அந்த வீட்டின் குற்றம் இல்லை. ஆனால் வேலை போன பிறகு முதல் மூன்று மாதம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு விஷயம் உண்டு. வேலை போனதை வெளியே சொல்லமாட்டார்கள். "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று பழையபடியே செலவு செய்வார்கள், தவணை கட்ட வெளியே கடன் வாங்குவார்கள். விஷயம் குழுவுக்குத் தெரியும்போது கடன் இரண்டு மடங்கு ஆகியிருக்கும். மறைத்து வைப்பதற்கும் வட்டி உண்டு, சகோதரிகளே!

முதல் வேலை: கணக்கு எழுதுவது

கணவர், பிள்ளைகள், மாமியார் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவர் சம்பளம் ரூ.16,000. மனைவிக்குப் பால் ஊற்றுவதில் ரூ.4,000. மொத்தம் ரூ.20,000.

செலவு:
- மளிகை, காய்கறி: ரூ.6,500
- கரண்ட், கேஸ், போன்: ரூ.1,500
- பிள்ளைகள் படிப்பு, பஸ்: ரூ.2,000
- மருந்து: ரூ.500
- குழுக் கடன் தவணை: ரூ.2,200
- மைக்ரோ பைனான்ஸ் தவணை: ரூ.2,300
- வண்டித் தவணை: ரூ.1,500
- சீட்டு: ரூ.2,000
- மொய், டீக்கடை, மற்றவை: ரூ.1,500

வந்தது அத்தனையும் போய்விடுகிறது. இப்போது கணவருக்கு வேலை இல்லை. மாதம் 10 நாள் கூலி வேலை கிடைத்து, நாளுக்கு ரூ.500 என்றால் ரூ.5,000. பால் பணத்தோடு சேர்த்து வரவு ரூ.9,000.

மளிகையை ரூ.4,500 ஆகவும், கரண்ட், கேஸ், போனை ரூ.1,100 ஆகவும், மற்றவற்றை ரூ.600 ஆகவும் குறைக்கலாம். ரேஷன் அரிசியை விடாமல் வாங்குங்கள். படிப்பும் மருந்தும் அப்படியே இருக்கட்டும். வீட்டுச் செலவு ரூ.8,700 ஆகிறது. மீதி ரூ.300. ஆனால் மூன்று தவணையும் சேர்ந்து ரூ.6,000, சீட்டு ரூ.2,000. இங்கேதான் குடும்பம் தடுமாறும்.

சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால், நடத்துபவரிடம் சொல்லி வேறொருவருக்கு மாற்றிவிடப் பாருங்கள். குழுக் கடனில் ரூ.22,000 பாக்கி, மாதம் ஒரு வட்டி என்றால் வட்டி மட்டும் ரூ.220. குழு ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டலாம். அப்போது கட்டவேண்டியது ரூ.4,020. கையில் மிஞ்சும் ரூ.300 போக, துண்டு விழுவது ரூ.3,720. சேமிப்பு ரூ.9,000 இருந்தால் இரண்டு மாதம் தாங்கும். அதற்குள் கம்பெனியிலிருந்து வரவேண்டியதை வாங்கவேண்டும், வேறு வேலையும் தேடவேண்டும். இப்படி எழுதிப் பார்த்தால்தான் எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று தெரியும்.

கம்பெனியில் கேட்டு வாங்கவேண்டியவை

- சம்பள பாக்கி: வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் தரவேண்டும் என்பது சட்டம்.
- பி.எப்.: சம்பளத்தில் பிடித்த பணம் நம்முடையது. யு.ஏ.என். எண்ணோடு ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலை போனவர் எவ்வளவு எடுக்கலாம் என்ற விதி மாறுவதால், விண்ணப்பிக்கும்போது பி.எப். அலுவலகத்தில் கேளுங்கள். 10 வருடப் பணி முடிந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. அதற்குப் பக்கத்தில் வந்தவர்கள் பென்ஷன் பணத்தை அவசரப்பட்டு எடுக்கவேண்டாம்.
- பணிக்கொடை: ஒரே இடத்தில் 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிடைக்கவேண்டும்.

சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

தண்டல் பக்கம் போகவேண்டாம்

"பத்தாயிரம் தர்றோம், தினம் நூறு ரூபாய், நூறு நாள்" என்பார்கள். கையில் தருவது ரூ.8,500. நாள்தோறும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய பத்து வட்டி. குழுவில் ஒரு வட்டி, அங்கே பத்து வட்டி! கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றில் அநியாய வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டில் 2003ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது.

மைக்ரோ பைனான்ஸ் கடன் இருந்தால், தவணை தேதிக்கு முன்பே கிளைக்குப் போய் நிலைமையை எழுதிக் கொடுத்து அவகாசம் கேளுங்கள். அவகாசம் என்பது தள்ளுபடி இல்லை, வட்டி ஏறும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வசூலுக்கு வருபவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது. மிரட்டுவது, கேவலமாகப் பேசுவது கூடவே கூடாது. ஒரு கம்பெனி கடனை அடைக்க இன்னொரு கம்பெனியில் வாங்காதீர்கள்.

நகையை வைத்தே ஆகவேண்டும் என்றால் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ தேவைக்கு மட்டும் வையுங்கள். திருப்பவேண்டிய தேதியை நோட்டில் எழுதுங்கள்.

குழு என்ன செய்யவேண்டும்?

"அவளுக்கு அவகாசம் கொடுத்தால் எல்லாரும் கேட்பாங்களே" என்று சில குழுவில் பேச்சு வரும். நியாயமான கவலைதான். குழுப் பணம் எல்லோருடைய பணம், வங்கித் தவணையும் நிற்காது. அதனால் வாய்ப்பேச்சில் விடாமல், எத்தனை மாதம், எவ்வளவு வட்டி, எந்த மாதத்திலிருந்து முழுத்தவணை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அந்த மாதங்களில் வங்கிக்குக் கட்டக் குழு நிதி போதுமா என்றும் பாருங்கள். போதாவிட்டால் ஊக்குநரும் பிரதிநிதியும் வங்கி மேலாளரை முன்கூட்டியே பார்த்துப் பேசவேண்டும். கூட்டத்துக்கு வராமல் ஒளிகிற உறுப்பினரால்தான் குழுவுக்கு நஷ்டம். வந்து சொல்கிறவரை வெட்கப்பட வைக்காதீர்கள்.

இதை மட்டும் நிறுத்தாதீர்கள்

கஷ்டம் வந்தால் முதலில் பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தச் சம்பளம் சில மாதத் தவணைக்கு ஆகும். விட்ட படிப்பைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். அதேபோல் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தண்ணீர் குடித்துப் படுக்கும் அம்மாக்களுக்கும் சொல்கிறோம்: உங்கள் சாப்பாடும் வீட்டுச் செலவுதான், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். படித்து முடித்ததும் "நம்ம குழுவில் யார் வீட்டிலாவது வேலை போயிருக்கா?" என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கூட்டம் முடிந்து, கொஞ்சம் தயங்கி நிற்கிற சகோதரியோடு பேசிக்கொண்டே வீடு வரைக்கும் போய் வாருங்கள்.