பழைய அம்பாசடர் வச்சிருக்கீங்களா? நடுரோட்டில் நிக்காம இருக்க ஒரு சின்ன மீட்டர் போதும்!

கோவில்பட்டி:

எட்டயபுரத்தில் கல்யாணம் முடிஞ்சு ராத்திரி குடும்பத்தோட திரும்பி வர்றீங்க. திடீர்னு ஹெட்லைட் மங்குது. ஹாரன் முனகுது. பெட்ரோல் வண்டின்னா கொஞ்ச நேரத்தில் என்ஜினும் அணைஞ்சிடும். டீசல் வண்டி ஓடும், ஆனா ஆப் பண்ணினால் மறுபடி செல்ப் எடுக்காது. சுற்றிலும் கரிசல் காடு. மெக்கானிக்குக்கு எங்கே போவது?

அம்பாசடர் உற்பத்தி 2014-ம் ஆண்டு மே மாதம் மேற்கு வங்காளம் உத்தரபாரா ஆலையில் நின்று போனது. இருக்கிற வண்டியை நாமதான் பார்த்துக்கணும்.

சிகப்பு லைட் போதாதா?

போதாது. டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்காதபோதுதான் டேஷ்போர்டு சிகப்பு லைட் எரியும். சார்ஜ் அளவுக்கு மீறி ஏறினால் அது காட்டாது. பல்பு பியூஸ் போயிருந்தால் எதையுமே காட்டாது. வோல்ட் மீட்டர் இருந்தால் கோளாறு முன்கூட்டியே தெரிஞ்சிடும்.

மீட்டர் சொல்லும் சேதி

12 வோல்ட் பேட்டரி நல்லா இருந்தால், என்ஜின் ஓடாதபோது 12.6 பக்கத்தில் காட்டும். 12-க்கு கீழே போனால் பேட்டரி காலின்னு அர்த்தம்.

வண்டி ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்கணும். பழைய டைனமோ வண்டி ஐடிலில் நிற்கும்போது முள் இறங்குவது சகஜம். ரேஸ் கொடுத்தும் 13-ஐத் தாண்டலையா? பேன் பெல்ட் தளர்ச்சி, தேய்ந்த கார்பன் பிரஷ், துருப்பிடித்த கனெக்ஷன் இவற்றைப் பாருங்க.

15-ஐத் தாண்டினால் உஷார்! ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி தண்ணி கொதிச்சு வத்தும், பல்பு எரிஞ்சு போகும். நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்கனவே பேட்டரி தண்ணி சீக்கிரம் குறையும். ரெண்டும் சேர்ந்தால் பேட்டரிக்கு ஆயுசு குறைவுதான்.

மாட்டுவது எப்படி?

முதலில் பேட்டரியின் எர்த் வயரை கழற்றுங்கள். மீட்டரின் ஒரு வயரை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இக்னிஷன் சுவிட்ச் முனையில், நடுவில் சின்ன பியூஸ் வைத்து கொடுக்கணும். இன்னொரு வயரை பெயிண்ட் சுரண்டிய பாடி இரும்பில் முறுக்கணும். மீட்டர் உள் பல்புக்கு பார்க்கிங் லைட் வயர். எர்த் வயரை கடைசியில் மாட்டணும். ரொம்ப பழைய மோரிஸ் போன்ற வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதில் வயரை மாற்றிக் கொடுக்கணும்.

ஆம்பியர் மீட்டர் என்றால் ஜாக்கிரதை

அது வேற ஜாதி. செல்ப் தவிர வண்டியின் மொத்த கரண்டும் அதன் வழியாகத்தான் போகும். தடித்த வயர் வேணும். ஒரு நட்டு தளர்ந்தாலும் சூடேறி, காய்ந்து வெடிச்ச பழைய வயரில் தீ பிடிக்கலாம். அதை ஆட்டோ எலக்ட்ரீசியனிடமே விட்டுடுங்க.

வோல்ட் மீட்டர் வேலை அரை நாளில் முடியும். அப்புறம் கிளம்பும் முன் முள்ளை ஒரு தடவை பார்த்தால் போதும். நடுவழியில் நின்று, வாடகையும் போய், கட்டி இழுக்கும் கூலியும் கொடுக்கிற தண்டச் செலவு மிச்சம்!